பக்கத்து வீடு இருந்த காணி

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "அடுப்பிலை பால் பொங்குது, வைக்கிறன்" என்று நான் வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. அடுப்பே மூட்டியிருக்கவில்லை. அம்மா போன இந்த மூன்று வருடத்தில் நான் பால் காய்ச்சுவதே இல்லை என்பது உனக்கும் தெரியும். ஆனாலும் நீ, "சரி அப்பா, பிறகு எடுக்கிறன்" என்றாய். நான் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் உனக்கு. உனக்கு ஏழு வயதாக இருந்தபோது அந்தப் பழக்கத்தைப் பழக்கிவிட்டவன் நான். இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான்.

சிட்னியில் நீ போய்ப் பார்க்கிற டொக்டர், அந்தக் கனவு எப்போது தொடங்கியது என்று கேட்கிறாராம். ஒரு சிவப்பு மூன்று சில்லுச் சைக்கிள். யாரோ உன்னை 'வண்டு' என்று கூப்பிடுகிற குரல். பிறகு ஒரு கை வந்து உன் வாயைப் பொத்துகிறது, மூச்சு முட்டி எழும்பிவிடுகிறாய். "சின்னனிலை ஏதும் நடந்ததா அப்பா? இல்லாட்டி எனக்குத்தான் மண்டை பிழையா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். நாற்பது தாண்டிய பிள்ளை, தன் புத்தியில் பழுது இருக்கிறதா என்று தகப்பனிடம் கேட்டுச் சிரித்த அந்தச் சிரிப்பு இந்த ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்க விடவில்லை. உனக்கு மண்டை பிழையில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மிச்சத்தை வாசிக்க உனக்கு மனம் வராமல் போனாலும் இந்த ஒரு வரியையாவது டொக்டரிடம் காட்டு.

தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், ஒரு பக்கத்துக்குக் கால் மணித்தியாலம் பிடிக்கும். ஆங்கிலத்தில் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். நாலாவது வரியிலேயே அது வேலைத்தலத்துக்கு லீவு கேட்டு எழுதுகிற கடிதம் மாதிரி வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். நீ ஆறுதலாக வாசி. நான் இதைச் சொல்ல எடுத்த காலத்தோடு பார்த்தால் கால் மணித்தியாலம் ஒன்றுமேயில்லை.

எஸ்தர் அன்ரி போன மாதம் காலமான செய்தியை உனக்குச் சொன்னேன். செத்தவீட்டுக்குப் போனேன், யூதர்களுடைய வழக்கப்படி ஒரு மண்வெட்டி மண்ணும் போட்டேன். திங்கட்கிழமை அவவின் மகள் வீடு தேடி வந்தாள். ஜெபக்கூடத்துக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய மண்டபத்தை ஒதுக்கித் துப்புரவாக்குகிறார்களாம். நீங்கள் எல்லாரும் எழுபத்தொன்பதில் செய்த அந்தச் சின்ன மாதிரித் தெருவைக் கழற்றி, பிள்ளைகளைத் தேடித் தேடி அவரவர் வீட்டைக் கொடுக்கிறார்களாம். "இது உங்கள் மகனுடையது" என்று பழைய துவாய் ஒன்றில் சுற்றிய பலகையை என் கையில் தந்தாள். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், பச்சை அடித்த பலகை. வீடு இல்லை. புல்லு மட்டும். இந்தக் கடிதத்தை எழுதும்போது அது என் மேசையில்தான் கிடக்கிறது.

உனக்கு அந்தத் தெரு எவ்வளவு ஞாபகம் என்று எனக்குத் தெரியாது, அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன். எழுபத்தெட்டில் நாங்கள் மெல்பேர்னில் வந்திறங்கியபோது உனக்கு ஆறு வயது. கோல்ஃபீல்டில் எஸ்தர் அன்ரியின் வீட்டுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறையில் குடியிருந்தோம். கொழும்பில் நான் படவரைஞன், நாலு பேர் 'சேர்' என்று கூப்பிடுகிற ஆள். இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் தட்டு அடுக்கினேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேருக்கும் வேலை இருந்ததால் உன்னை எங்கே விடுவது என்று முழுசிக்கொண்டு நின்றபோது, எஸ்தர் அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நான் ஞாயிறு வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகளை மேய்க்கிறேன். இருபத்துமூன்று ஆனால் என்ன, கூரையா இடிந்துவிடும்?" என்றா. போலந்தில் பிறந்து, பதினாறு வயதுக்குள் தாய், தகப்பன், நாலு சகோதரம் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டுக் கப்பலேறி வந்த மனுசி. யூதப் பிள்ளைகளுக்குத் தங்கள் சரித்திரம் தெரிய வேண்டும் என்று அந்த வகுப்பை நடத்தினா. ஆனால் புத்தகத்தைத் திறக்க விடமாட்டா. "வருசத்தையும் எண்ணிக்கையையும் பிள்ளை பரீட்சைக்குப் பாடமாக்கும், பரீட்சை முடிய மறக்கும். கையால் செய்ததை மறக்காது" என்பா. பசை, கடதாசி மட்டை, முட்டைப் பெட்டி, தீக்குச்சி, இவைதான் அவவின் பாடப் புத்தகங்கள்.

அந்த வருடம் எல்லாரும் சேர்ந்து ஒரு தெருவைச் செய்வது என்று தொடங்கினா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு. பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து, அவர்கள் விட்டுவிட்டு வந்த ஊரில் இருந்த ஒரு வீட்டைச் செய்ய வேண்டும். போலந்து வீட்டுக்குப் பக்கத்தில் ஹங்கேரி வீடு, அதற்குப் பக்கத்தில் பாக்தாத் வீடு, எல்லாம் ஒரே தெருவில். ஆனால் ஒரு சட்டம். சொந்த வீட்டைச் செய்யக் கூடாது. பக்கத்து வீட்டைத்தான் செய்ய வேண்டும். அங்கே யார் இருந்தார்கள், என்ன தொழில், என்ன சமைத்தால் மணக்கும், நாய் இருந்ததா, எல்லாம் கேட்டு வர வேண்டும். ஏன் இப்படி என்று ஒரு பெடியன் கேட்டதற்கு அவ சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். "உன் வீட்டை ஞாபகம் வைத்திருக்க நீ இருக்கிறாய். பக்கத்து வீட்டில் ஒருவருமே மிஞ்சவில்லை என்றால், அவர்களை ஞாபகம் வைத்திருக்க உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்றா. பிறகு பசைப் போத்தலைத் திறந்துகொண்டே, "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த யாராவது எங்கேயாவது இருந்து எங்கள் வீட்டைச் செய்வார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றா.

நான் படம் வரைபவன் என்று தெரிந்ததும் என்னை விடவில்லை. பத்து மணிக்கு வேலை முடிந்து உன்னைக் கூட்டிப் போக வருகிறவனைப் பிடித்து, தெருவுக்கு அளவுப் படம் கீறச் சொன்னா. வந்த நாள் தொடக்கம் கையில் அளவுகோல் படாமல் காய்ந்து கிடந்தவனுக்கு அது பெரிய கொண்டாட்டம், பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடிச் சதுரப் பலகை வெட்டினேன், கீழே ஆணி பூட்டி ஒன்றோடொன்று கொழுவினேன். பிள்ளைகள் ஒவ்வொரு கிழமையும் கதைகளோடு வருவார்கள். ஒருத்தனுடைய தாத்தாவுக்குப் பக்கத்து வீட்டில் விசிலடித்துக்கொண்டே சப்பாத்துத் தைக்கிறவர். இன்னொருத்தியின் பாட்டி மூன்று கிழமை வாயே திறக்கவில்லை, நாலாம் கிழமை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தாவாம். பிறகு எல்லாரும் சேர்ந்து அந்த வாத்தைச் செய்தீர்கள். அது உன்னுடைய வேலை என்றுதான் நினைக்கிறேன், கழுத்து கோணல்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் நீ பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் குசினிக்கு ஓடி வந்தாய். "அப்பா, எங்கடை பக்கத்து வீட்டிலை ஆர் இருந்தவை? எனக்கு ஒரு அக்காவை ஞாபகம். சிவப்புச் சைக்கிள். நான் பின்னாலை தள்ளுவன். என்னை வண்டு எண்டுவா. அவவின்ரை பேர் என்ன அப்பா?" அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றா. கத்தி நின்றது. நான் அம்மாவைப் பார்க்கவில்லை. "என்ன விசர்க்கதை? எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை ஒரு வீடும் இல்லை. வெறுங்காணி. நீ கனவு கண்டிருப்பாய்" என்றேன். "இல்லையப்பா, அந்த அக்கா..." என்று நீ தொடங்க, நான் மேசையில் அடித்து, "கனவு எண்டு சொல்லுறன், பேந்தும் என்ன?" என்று கத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு மெதுவாக, "ஓம், கனவுதான்" என்றாய். அம்மா கத்தியை வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனா. அன்றைக்கு ஒருவரும் சாப்பிடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்த சோறு உன்னுடைய தலை.

அடுத்த ஞாயிறு நான் மண்டபத்துக்குப் போனபோது, மிரியம் என்கிற பிள்ளையின் தாத்தா எஸ்தர் அன்ரியோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றார். "என் பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர். பத்து வருசம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். எங்களை இழுத்துக்கொண்டு போன அன்று அவர் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார். சீலை ஆடியது, நான் கண்டேன். அந்த வீட்டையுமா என் பேத்தி செய்ய வேண்டும்?" என்று கேட்டார். எஸ்தர் அன்ரி அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. பிறகு, "ஆம். அதையும் செய்யத்தான் வேண்டும். அதுவும் தெருவில் இருந்தது" என்றா. அந்தப் பிள்ளை வீட்டைச் செய்து முடித்தபோது எல்லா யன்னலுக்கும் சீலை ஒட்டியிருந்தாள், தன் தாயின் பழைய சட்டையில் வெட்டிய நீலச் சீலை. அந்த வீட்டைப் பலகையில் பூட்ட என்னிடம்தான் கொண்டுவந்து தந்தாள். இரண்டு ஆணியை வளைத்துப் போட்டேன். அதைப் பூட்ட நான் பட்ட பாட்டைப் பார்த்து, "கண்ணாடி மாற்ற வேண்டும் போல" என்று எஸ்தர் அன்ரி பகிடி பண்ணினா.

எல்லாரும் போன பிறகு என்னை மறித்தா. "உன் மகன் போன கிழமை ஒரு சிவப்புச் சைக்கிளைப் பற்றிச் சொன்னான். பெட்டி நிறையச் சிவப்புக் கடதாசி எடுத்து வைத்திருந்தான். இன்றைக்கு அதெல்லாம் கனவு, அங்கே வெறுங்காணி என்கிறான். அவன் எதைச் செய்யட்டும்?" என்றா. நான், "வெறுங்காணி" என்றேன். அவ என்னை நேராகப் பார்த்து, "இருபத்திரண்டு பிள்ளைகள் பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டு வந்துவிட்டார்கள். ஒருவருடைய பக்கத்திலும் வெறுங்காணி இருந்ததில்லை" என்றா. எனக்கு வந்ததே ஒரு கோபம். குற்றமுள்ள நெஞ்சுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். "உங்கடை கதையை உங்கடை பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. என்ரை பிள்ளைக்கு நான் சொல்லுவன்" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து கத்திவிட்டு வந்தேன். வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீட்டுக்காரியிடம் கத்தினவன் நான். அந்த மனுசி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்குப் பச்சைப் பெயின்ற் தந்து, "காணி என்றாலும் புல்லு வேண்டும்" என்று மட்டும் சொன்னாவாம்.

கண்காட்சி நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். தாய் தகப்பன், தாத்தா பாட்டி என்று மண்டபம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையாக எழும்பி, தான் செய்த வீட்டில் இருந்தவர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சப்பாத்துத் தைக்கிறவரின் பெயர், அவருடைய பெண்சாதியின் பெயர், ஐந்து பிள்ளைகளின் பெயர். பெயர் சொல்லச் சொல்ல முன்வரிசைக் கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டே போனார்கள். கடைசியில் நீ. அம்மா உனக்கு வெள்ளைச் சேட்டு மினுக்கிப் போட்டிருந்தா. நீ எழும்பி, "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை" என்றாய். சொல்லிவிட்டு உட்காரவில்லை. கூட்டத்துக்குள்ளே என்னைத் தேடிப் பிடித்து, 'சரியா அப்பா?' என்று கண்ணால் கேட்டாய். நான் தலையாட்டினேன். ஐயோ பிள்ளை, அந்தத் தலையாட்டலை இன்றைக்கு வெட்டி எறியலாம் என்றால் எறிந்துவிடுவேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா எழும்பி வெளியே போனா. அன்று தொடக்கம் நீ எதையும் என்னைக் கேட்டுத்தான் நம்பினாய். மழை பெய்ததா, பல்லுத் தீட்டினேனா, ரீச்சர் என்னை ஏசினாவா, அப்படித்தானே நடந்தது அப்பா? மற்ற ஆட்கள் 'எவ்வளவு அடக்கமான பிள்ளை' என்று மெச்சினார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும் அது அடக்கம் இல்லை என்று.

அம்மாவும் நானும் பின்கதவுக்காகச் சண்டை பிடிப்பது உனக்குப் பெரிய பகிடி. நான் பூட்டுவேன், அவ திறந்துவிடுவா. நான் தாழ்ப்பாள் போடுவேன், அவ எடுத்துவிடுவா. ஒருமுறை கள்ளன் அந்தக் கதவால் வந்து, நாங்கள் வாங்கின முதல் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, "இப்ப சந்தோசமோ?" என்று நான் குதித்தேன். "தேவைப்பட்டவன் கொண்டு போறான். கதவு திறந்துதான் கிடக்கும்" என்று அம்மா சொன்னா. அம்மாவின் கவனமில்லாத ஏமலாந்திக் குணம் என்று நீ உன் பெண்சாதிக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறாய். ஏமலாந்தி இல்லை, பிள்ளை. ஒருநாள் திறக்காத கதவுக்காக முப்பத்தைந்து வருசம் திறந்து வைத்தா. ஒரு நாளும் அதைச் சொல்லி என்னைக் குத்தினதில்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

இனி எழுதத்தான் வேண்டும். எழுபத்தேழு ஆவணி. கொழும்புக்குத் தெற்கே எங்கள் லேனில் ஆறு வீடு, அதில் இரண்டு வீட்டில்தான் தமிழர். ஒன்று நாங்கள். பக்கத்து வீட்டில் தபால் கந்தோரில் வேலை செய்த பரமசிவம், அவருடைய பெண்சாதி, ஏழு வயது மகள். அவளுடைய பெயர் சுகந்தி. சிவப்புச் சைக்கிள் அவளுடையது. நீ பின்னால் தள்ளிக்கொண்டு 'ஸ்ஸ்' என்று இரைவாய், அதனால் உனக்கு வண்டு என்று பெயர் வைத்தாள். எங்கள் குசினிப் பின்கதவுக்கும் அவர்களுடைய பின்கதவுக்கும் பதினொரு எட்டு நடைதான். காலையில் அவள் வந்து தட்டினால் கீழ்த் தாழ்ப்பாளை எட்டித் திறக்கிறவன் நீதான், அது உன்னுடைய உத்தியோகம். அங்கங்கே தமிழருக்கு அடி விழுகிறது என்று கதை வரத் தொடங்கிய கிழமை, நான் மதிலுக்கு மேலால் பரமசிவத்திடம், "ஏதும் எண்டால் யோசிக்காமல் இஞ்சாலை வாங்கோ. எங்கடை வீட்டுக்காரர் நல்ல மனுசன், எங்களைக் காப்பாத்துவார். பின்கதவு உங்களுக்குத் திறந்துதான் இருக்கும்" என்றேன். ஒருவரும் கேட்காமல் நானாகச் சொன்ன வார்த்தை. நல்ல மனுசன் வேஷம் போட எனக்கு எப்போதும் விருப்பம்.

அன்றைக்குப் பின்னேரம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். சந்திப் பக்கம் புகை எழும்பியது. எங்கள் சிங்கள வீட்டுக்காரர் ஓடி வந்து, உள்ளே போய்ச் சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் படலை வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் வாசிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். தமிழரைத் தேடி வந்தவர்களிடம் இது என் தங்கச்சி வீடு என்றார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். வந்தவர்கள் எங்களை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். பரமசிவம் அந்த நேரம் கந்தோரில். நாங்கள் மூன்று பேரும் குசினித் தரையில் இருந்தோம். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. பிறகு பின்கதவில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். "அண்ணை, திறவுங்கோ" என்று பரமசிவத்தின் பெண்சாதி ஒரே ஒருதரம் சொன்னா. அம்மா எழும்பினா. நான் அவவின் சீலையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று தலையாட்டினேன். "என்னப்பா இது, திறவுங்கோ" என்று அம்மா அழுதா. அப்போதுதான் அந்தப் பிள்ளை கூப்பிட்டாள். அவள் என்னைக் கூப்பிடவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டாள். "வண்டு, கதவைத் திற." நீ எழும்பி ஓடினாய். உன் கை தாழ்ப்பாளில் பட்டுவிட்டது. நான் உன்னை இழுத்து மடியில் அமத்தி வாயைப் பொத்தினேன். நீ கடித்தாய். இரத்தம் வந்தது, நான் கையை எடுக்கவில்லை. அவள் மூன்று தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் மெல்லமாக, ஒளித்து விளையாடும்போது கூப்பிடுவாளே, அப்படி. பிறகு அந்தக் காலடிச் சத்தம் போய்விட்டது.

வந்தவர்களில் ஒருவரும் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. திறந்தால் எல்லாரும் சாவோம் என்று பயந்தேன் என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய், அதனால் அதை எழுத மாட்டேன். அவர்கள் தட்டத் தொடங்கியபோதே யன்னல் வெடிப்பால் பார்த்தேன். வாழைகளுக்கு அங்காலே ஒரு ஈ காக்கை இல்லை. திறந்து, இழுத்துப் போட்டு, பூட்ட எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? எனக்கு நேரம் இருந்தது, பிள்ளை. மனம்தான் இருக்கவில்லை.

பொழுதுபடப் பொலிஸ் லொறியில் எங்களை ஏற்றினார்கள். அந்தச் சைக்கிள் வாய்க்காலுக்குள் தலைகீழாகக் கிடந்தது, நீ அதைப் பார்த்துக்கொண்டே வந்தாய். அகதி முகாமில் சனம் பெயர் சொல்லிச் சொல்லிச் சொந்தங்களைத் தேடியது. நான் ஒருவரையும் தேடவில்லை. தபால் கந்தோர் ஆள் ஒருவர் தூரத்தில் வர, தூணுக்குப் பின்னால் ஒளித்தேன். அந்தத் தாயும் மகளும் தப்பினார்களா, பரமசிவம் அவர்களைக் கண்டுபிடித்தாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கத்தக்கதாக நான் பார்த்துக்கொண்டேன். செத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அழ வேண்டும், உயிரோடு இருந்தால் காலில் விழ வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் துணிவில்லை. இங்கே கேரம் டவுன்ஸ் கோயிலுக்குத் திருவிழா நாளில் நான் ஏன் வருவதில்லை என்று அம்மாவும் நீயும் எத்தனை தரம் கேட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் சுகந்தியின் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்ற பயம்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் தகப்பன் என்றால் சொல்லாமல் இருக்கவும் ஏலாது. உன் சின்னவள் நாளைக்கு வந்து ஒன்றைக் கண்டேன் என்று சொன்னால், இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. என்ன நிறம் என்று கேள். நான் அதைக் கேட்டிருந்தால் போதும், நீ சிவப்பு என்று சொல்லியிருப்பாய், பிறகு நானும் ஓம் என்று சொல்லியிருப்பேன். இன்னொன்று. யாரிடமும் கதவு திறந்திருக்கும் என்று சொல்லாதே. சொன்னால் திற.

பச்சைப் பலகையை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நாலு நாளாக இருந்து அந்த வீட்டின் படத்தையும் கீறி வைத்திருக்கிறேன். முன் விறாந்தை, இரண்டு அறை, யன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கும், குசினி, பின்கதவு, எல்லாம் அளவோடு. கோடு இரண்டு இடத்தில் பிசகிவிட்டது. வீட்டை நான் செய்ய மாட்டேன். எஸ்தர் அன்ரியின் சட்டப்படி பக்கத்து வீட்டுக்காரன்தான் செய்ய வேண்டும், அந்த லேனில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தது ஐந்து வயதான நீ மட்டும்தான். செய்வதென்றால் சின்னவளோடு சேர்ந்து செய். சைக்கிளுக்குச் சிவப்பு எடு.

என் வலது கையில் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற தழும்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். தகரம் வெட்டியது என்று சொன்னேன். அது தகரம் இல்லை, உன் பல்லு. நாலு பல்லும் இன்னும் எண்ணலாம். டொக்டரிடம் சொல்லு, அது கனவு இல்லை, அந்தக் கையை வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்று. நீ கதவைத் திறக்கப் போன பிள்ளை. அதை உன்னிடமிருந்து எடுத்து இவ்வளவு காலமும் வைத்திருந்தேன். இப்போது தந்துவிட்டேன்.

இதை வாசித்த பிறகு நீ என்னோடு கதைக்காமல் விடலாம், அது நியாயம்தான். அம்மா போன நாள் தொடக்கம் நான் பின்கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். நேற்றுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். எப்போதாவது வர மனம் வந்தால் அந்தப் பக்கமாக வா. தட்ட வேண்டாம்.

அப்பா